எதிர்க் கட்டடத்துச் செல்கள்

பிப்ரவரி 9

உனக்கு,

என் மகள் சாகும்போது நீ அவள் பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து சாலைக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அவள் தலைக்குள்ளிருந்து வெட்டி எடுத்த கட்டியின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கட்டிலருகே நாற்காலி காலியாக இருந்தது. நடந்தது இதுதான். இதற்கு வேறு பெயர் எதுவும் வைக்காதே.

இதை நீ எனக்குச் சொல்லவில்லை. தகனம் முடிந்து எல்லாரும் அவரவர் வண்டியைத் தேடிக்கொண்டிருந்தபோது, உன் ஆய்வகத்தில் வேலை செய்யும் கண்ணாடி போட்ட பெண் என்னிடம் வந்தாள். என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னாள். "மேடம் முழுசாப் போயிடல அப்பா. அவங்க செல்லு எங்க லேப்ல இன்னும் உயிரோட இருக்கு. சார் அன்னைக்கும் அதைத்தான் பார்த்துட்டிருந்தார்." நல்ல மனசுக்காரி. அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

தாயில்லாமல் நான் வளர்த்த பிள்ளை. ஊருக்கு வயலின் டீச்சர், எனக்கு வாலு. என் போட்டோ ஸ்டூடியோவில் ஸ்டூலில் உட்கார வைத்து அவளை ஒரு படம் எடுப்பதற்குள் எனக்கு வியர்த்துவிடும். அந்த வாலுவில் ஒரு துண்டை எரிக்காமல் வைத்துக்கொண்டு, மிச்சத்தை எரிக்க என்னைக் கூட்டிப் போயிருக்கிறாய்.

இன்னொன்று. பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் செல்களைப் பற்றி ஆராய்வதுதான் உன் வேலை என்று கல்யாணம் பேசிய அன்று சொன்னாய். எனக்கு விளங்கவில்லை என்றதும், மூளைக்கு அடியில் ஒரு பட்டாணி அளவு என்று விரலில் காட்டினாய். அதே செல்கள் உன் மனைவிக்குள் கட்டியாகி, வளர்ந்து முடித்த உடம்பை மறுபடி வளர்த்துக்கொண்டிருந்தன. விரலில் மோதிரம் இறுகியது. அதை வெட்டி எடுக்கக் கடைக்குக் கூட்டிப் போனவனே நீதான். செருப்புக் கடைக்காரன்கூடக் கவனித்து ஒரு அளவு பெரிதாக எடுத்துக் கொடுத்தான். நீ கவனிக்கவில்லை.

அந்தச் செல்களை அழித்துவிடு. அழித்துவிட்டேன் என்று எழுது. போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன்.

வாலுவின் அப்பா

*

பிப்ரவரி 13

மாமா,

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அது எப்படிக் காலியானது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள், எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை எனக்குத் தரச் சொல்லி அவளே சர்ஜனிடம் கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். "எலி செல்லை இவ்வளவு நாள் பார்த்தியே, பொண்டாட்டி செல்லைப் பார்க்க மாட்டியா?" என்றாள். சர்ஜனே சிரித்துவிட்டார். மூக்கு வழியாக எடுத்தார்கள். நன்றாகத்தான் முடிந்தது. எழுந்து உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், பக்கத்துக் கட்டில்காரரோடு வம்பளந்தாள். அந்த ஹார்மோனால் அவள் இதயம் ஏற்கெனவே பெருத்திருந்தது எங்களுக்குத் தெரியும். அது அப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்று யாரும் நினைக்கவில்லை.

என் வேலையை அவளுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தச் செல்லின் தோலில் நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன. அயனிச் சானல்கள் என்போம். கால்சியத்துக்குத் தனி வாசல், பொட்டாசியத்துக்குத் தனி வாசல். கால்சிய வாசல் திறந்தால் செல்லில் ஒரு மின்துடிப்பு எழும். உள்ளே போன கால்சியம், ஹார்மோன் நிரம்பிய சின்னச் சின்னப் பைகளை வெளியே கொட்ட வைக்கும். பொட்டாசிய வாசல் திறந்தால் பெரும்பாலும் துடிப்பு அடங்கும். யாரும் சொல்லாமலே தானாகத் துடிக்கிற செல்கள் இவை. மூளையிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் முடுக்கிவிடும், இன்னொன்று அடக்கும். இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு மனிதர் சரியான அளவில் வளர்கிறார்.

முடியைவிட மெல்லிய நுனியுள்ள கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின் மேல் வைப்பேன். அதோடு இணைந்த ரப்பர் குழாயை வாயில் வைத்து லேசாக உறிஞ்சுவேன். செல்லின் தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு அந்தத் துடிப்பு கருவிக்கு வரும். கருவியில் ஒரு சிறிய ஒலிபெருக்கி உண்டு. மின்னழுத்தம் ஏறினால் சத்தம் மேலே போகும், இறங்கினால் கீழே வரும்.

இதைச் சொன்னதும் அவள் பிடித்துக்கொண்டாள். தன் செல் என்ன சுருதியில் பாடுகிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றாள். போனில் பதிவு செய்து கொண்டு வருகிறேன் என்றேன். அந்தக் கடைசி நாள் எனக்கு அவளை விட்டுப் போக மனமில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். "இன்னைக்கே போ. அதுங்க செத்துடும். நான் எங்க ஓடிடப் போறேன்?" என்றாள்.

நல்ல பதிவு கிடைத்தது. போனைக் கையில் பிடித்தபடியே சாலையைக் கடந்தேன். வார்டுக்குள் போனபோது அவள் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

இரண்டு தட்டுகளில் செல்கள் இன்னும் இருக்கின்றன. அழிக்க என்னால் முடியாது, மாமா. வேறு எதைச் சொன்னாலும் செய்கிறேன்.

கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவள் குறட்டை கூடியபோது என் காதுக்குப் பஞ்சு வாங்கினேன். அதுவும் அந்த நோயின் அறிகுறிதான்.

உங்கள் மருமகன்

*

பிப்ரவரி 17

உனக்கு,

"நான் எங்க ஓடிடப் போறேன்" என்று அவள் சொன்னதை நீ எனக்கு எழுதியிருக்க வேண்டாம். அது இப்போது வீட்டுக்குள் நடமாடுகிறது.

நான் பள்ளிக்கூடம் முடிக்காதவன். கேமரா பிடிக்க யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, புத்தகம் படிக்கவும் யாரும் கற்றுத் தரத் தேவையில்லை. நூலகத்தில் உட்கார்ந்து உன் சுரப்பியைப் பற்றிப் படித்தேன். நூலகர், என் வயதுக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று கேட்டார். என் மகளைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள வந்தேன் என்றேன்.

ஒரு கேள்வி. பொட்டாசியம் செல்லை அடக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் பொட்டாசியத்தைத் தண்ணீரில் கரைத்து அவளுக்குக் கொடுத்திருக்கலாமே? மருந்துக் கடையில் கிடைக்கிற சாதாரணப் பொருளாமே அது.

இரண்டாவது கேள்வி. மூளை அனுப்புகிற அடக்கும் ஹார்மோனைப் போலவே செய்த ஒரு ஊசி இருக்கிறதாம், மாதம் ஒரு தடவை போட்டால் போதுமாம். அதை ஆரம்பத்திலேயே வாலுவுக்குப் போட்டிருந்தால் இதயம் பெருக்காமல் இருந்திருக்குமா, இல்லையா? வளைக்காமல் பதில் சொல்.

நீ ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவளைப் பார்க்கவில்லை. நான் ஆயுள் முழுக்க முகத்தைப் பார்த்தே சாப்பிட்டவன். பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பேன்.

வாலுவின் அப்பா

*

பிப்ரவரி 20

மாமா,

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பொட்டாசியம் செல்லுக்குள்தான் நிறைய இருக்கிறது. அது உள்ளிருந்து வெளியே போகும்போதுதான் செல் அடங்கும். வெளியே கொண்டுபோய்க் கொட்டினால் உள்ளே இருப்பது வெளியேற முடியாமல் செல் இன்னும் பதறும். எவ்வளவு பொட்டாசியம் இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. எந்த வாசல் எப்போது திறக்கிறது என்பதுதான்.

அந்த வாசல்களிலும் ஒன்று வினோதமானது. மற்ற இடங்களில் துடிப்பைச் சட்டென்று முடித்து வைக்கிற அதே பொட்டாசிய வாசல், இந்தச் செல்களில் துடிப்பை இழுத்து நீட்டிவிடுகிறது. அது ஏன் என்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. ஒரே ஒரு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாக் கட்டிகளும் அந்த மருந்துக்கு அடங்குவதில்லை. வாலுவின் கட்டி அடங்குமா என்பதை அவள் செல்லிடமேதான் கேட்க வேண்டும். தட்டில் மருந்தை விட்டால் தெரிந்துவிடும். பாட்டில் மேஜையில்தான் இருக்கிறது. நான் இன்னும் விடவில்லை. தள்ளிப்போடவும் முடியாது. இந்தச் செல்களுக்கு நடுவே வேறு வகைச் செல்கள் புல் மாதிரிப் பரவுகின்றன. கொஞ்ச நாளில் அவை மட்டும்தான் இருக்கும். கண்ணாடிப் பெண் தினமும் வந்து, "சார், செஞ்சுடலாமா?" என்று கேட்கிறாள். நான் அவளை வேறு வேலைக்கு அனுப்புகிறேன்.

தட்டில் உள்ள திரவத்தை மாற்றும்போது அளந்து பார்க்கிறோம். வளர்ச்சி ஹார்மோன் இன்னும் சுரந்துகொண்டுதான் இருக்கிறது. வளர்வதற்கு உடம்பில்லை என்பது அதற்குத் தெரியவில்லை.

ஒரு வேண்டுகோள். முகத்தைப் பற்றி மட்டும் எழுதாதீர்கள், மாமா.

உங்கள் மருமகன்

*

பிப்ரவரி 24

உனக்கு,

ஏன் எழுதக் கூடாது?

எனக்கு நீ கட்டளை போடுகிறாயா? முகம் என் தொழில். என் மகளின் முகம் என் சொத்து. பிறந்த நாள் தவறாமல் அவளை ஸ்டூலில் உட்கார வைத்துப் படம் எடுத்தவன் நான். கல்யாணத்துக்குப் பிறகும் வருடம் தவறியதில்லை. உன் வீட்டு நடையில் வரிசையாக மாட்டியிருப்பதெல்லாம் யார் எடுத்தது?

எதையோ மென்று முழுங்குகிறாய். துப்பு.

வாலுவின் அப்பா

*

பிப்ரவரி 27

மாமா,

சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இனி இதைச் சொல்லாமல் உங்களோடு சண்டை போட என்னால் முடியவில்லை.

போன மழைக்காலத்துக்கும் முந்தைய மழைக்காலத்தில் அவளுக்குத் தலைவலி, விரல் மூட்டு வலி. வயலினில் ஒரு தந்தியை அழுத்தினால் பக்கத்துத் தந்தியிலும் விரல் படுகிறது என்றாள். சாதகம் குறைந்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். தனியாக ஒரு டாக்டரிடம் போனாள். அவர் கெட்டிக்காரர். கையைப் பார்த்ததுமே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த நோய் முகத்தை அத்தனை மெதுவாக மாற்றும் என்பதால், பழைய படங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். படம் கொண்டு வரச் சொன்னார். அவள் நடையில் மாட்டியிருந்தவற்றைக் கழற்றி எடுத்துப் போனாள். நீங்கள் எடுத்த படங்கள்.

அவர் மேஜையில் பரப்பிப் பார்த்தார். தாடை அப்படியே, புருவ மேடு அப்படியே, மூக்கு அப்படியே. எதுவும் மாறவில்லை என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கவில்லை.

எனக்கும் ஒரு தடவை உறுத்தியது, மாமா. பல் இடைவெளி கூடியிருக்கிறதோ என்று தோன்றியது. நடைக்குப் போய் அந்தப் படங்களைத்தான் பார்த்தேன். நிம்மதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கடைசியில், இசைப் பள்ளி அடையாள அட்டைக்கு அங்கேயே கவுன்டரில் எடுத்த ஒரு படம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. நான் எடுத்துப் பார்த்து, "யார் இது?" என்று கேட்டேன். "உன் பொண்டாட்டிதான்" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தேன்.

எல்லாம் புரிந்ததும் அவள் சொன்னது இது. "எனக்கு அப்பா தாடை வந்துடுச்சாம். பொண்ணுக்கு இது வேணாம்னு நெகடிவ்ல கத்தியால சீவிடுவார். வருஷா வருஷம் கொஞ்சம் அதிகமா சீவியிருக்கார் போல. அவருக்கு இது தெரியவே கூடாது."

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய்யாகிவிடும். உங்களையும் என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் மருமகன்

*

மார்ச் 8

மாமா,

நீங்கள் ஆய்வகத்துக்குச் சொல்லாமல் வந்ததும் சொல்லாமல் போனதும் கண்ணிலேயே நிற்கிறது. மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். கண்ணாடிப் பெண் கொண்டு வந்த டீ ஆறிப் போனது. உங்களிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் நான் குழாயை வாயில் வைத்துக்கொண்டேன். நல்ல வேளை, அதை வைத்துக்கொண்டு பேச முடியாது.

செல் ஒட்டிக்கொண்டு சத்தம் வந்ததும், "இது அவளா?" என்று கேட்டீர்கள். அவளுடைய செல் என்றேன். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சத்தம் ஏறும், கொஞ்சம் நின்று நடுங்கும், இறங்கும், மறுபடி ஏறும். நிறுத்தச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். "மருந்தை விடு" என்றீர்கள்.

விட்டேன். அடங்கியது. நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள்.

அதன் பிறகு மருந்தைக் கழுவினேன். மறுபடி துடித்தது. மறுபடி விட்டேன், அடங்கியது. இரண்டு தட்டிலும் எனக்குக் கிடைத்த எல்லாச் செல்களிலும் செய்து பார்த்துவிட்டேன். ஒன்றுகூட மீறவில்லை. மருந்து பொட்டாசிய வாசலைத் திறந்தது, கால்சிய வாசலைச் சாத்தியது, சுரப்பு நின்றது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான். ஊசி வேலை செய்திருக்கும். தலைவலி என்று போன அன்றே ஆரம்பித்திருந்தால் அந்த இதயம் அவ்வளவு பெருத்திருக்க வாய்ப்பில்லை.

செல்கள் இப்போது இல்லை. புல் மாதிரிப் பரவிய மற்றவை மூடிவிட்டன. பதிவுகளையும் அழித்துவிடப் போகிறேன். வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒலிபெருக்கியை இனி என்னால் போட முடியாது. ஆரம்பத்தில் நீங்கள் சொன்னபடியே செய்திருக்கலாம்.

உங்கள் மருமகன்

*

மார்ச் 21

உனக்கு,

அழிக்காதே.

முன்பு அழிக்கச் சொன்னவன் நான்தான். உன்மேல் எனக்கு மனம் இளகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. அன்று இருந்த கோபம் அப்படியே இருக்கிறது. அந்தச் சத்தம் இறங்கி நின்றபோது உன்னை அறைந்துவிடுவேனோ என்று பயந்துதான் எழுந்து வந்தேன். மருந்தை விடச் சொன்னது நான். விட்டது நீ. பஸ்ஸில் உட்கார்ந்து இதைப் பிரித்துப் பார்க்க முயன்றேன், பிரியவில்லை.

அந்த டாக்டரைப் பற்றி. ஸ்டூடியோ படம் என்பது மாட்டி வைத்து மகிழ எடுப்பது. முகத்தை நல்லபடி காட்டத்தான் ஜனங்கள் என்னிடம் வந்தார்கள். அதைக் கொண்டு நோயை அளந்தவன் அவன். கையில் ஊசி இருந்தும் ஒரு துளி ரத்தம் எடுக்காதவன் அவன். இதில் நான் இம்மியும் இறங்கி வர மாட்டேன். அவளுக்கு என் தாடை வந்தது என்று நான் நினைத்தது உண்மை. எந்த அப்பனும் அப்படித்தான் நினைப்பான். மன்னிப்பு என்ற பேச்சு இந்தக் கடிதத்தில் உன் பக்கத்துக்கும் இல்லை, என் பக்கத்துக்கும் இல்லை. தேடாதே.

ஒவ்வொரு பிறந்த நாளிலும் அவளை ஒரு தடவை மட்டும் எடுத்ததில்லை. வாலு ஆடிக்கொண்டே இருப்பாள், அதனால் மூன்று நான்கு தடவை எடுப்பேன். நன்றாக வந்த ஒரு நெகடிவில் மட்டும்தான் பென்சிலும் கத்தியும் படும். மற்றவற்றை உறையில் போட்டு வைத்துவிடுவேன். அந்த உறைகளை எல்லாம் வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாகப் பிடித்துப் பார்த்தேன். பார்த்தேன் என்பதோடு விட்டுவிடுகிறேன். பெட்டியை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன்.

இனி நடக்க வேண்டியவை இவை. யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன்.

வேலையை விடுவதாகக் கொடுத்த கடிதத்தை நீ போய்த் திரும்ப வாங்க வேண்டும். அவள் உன்னை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பியது பாதியில் இறங்கி வருவதற்கு இல்லை.

அவள் செல்லில் நீ பார்த்ததை ஒன்று விடாமல் ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுத வேண்டும். எந்த வாசல் திறந்தது, எது சாத்திக்கொண்டது, மருந்துக்கு எப்படி அடங்கியது எல்லாம். அந்த மருந்து அவளுக்கு உயிரோடு இருந்தபோது கொடுக்கப்படவில்லை என்பதையும், ஏன் கொடுக்கப்படவில்லை என்பதையும் அதே கட்டுரையில் எழுத வேண்டும். உன்னைப் பற்றிய வரியை நீ எழுது. என்னைப் பற்றிய வரியையும் நீயே எழுது. நான் எழுதினால் நியாயமாக இருக்காது.

அந்த டாக்டரை நீ நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கத்தக் கூடாது. கத்தினால் அவன் உன் கத்தலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வான். மோதிரம் இறுகுகிறது, செருப்பு பத்தவில்லை என்று யார் வந்தாலும், படம் கேட்பதற்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும் என்று அவன் வாயால் சொல்லும் வரை அந்த அறையை விட்டு நீ எழுந்திருக்கக் கூடாது.

நெகடிவ்களை அந்தக் கண்ணாடிப் பெண் ஸ்கேன் செய்யட்டும். நான் பிரிண்ட் போட மாட்டேன். என் கை இருட்டறையில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

கட்டுரையில் படங்கள் வர வேண்டும். மேல் வரிசையில் உன் வீட்டு நடையில் மாட்டியவை. கீழ் வரிசையில், அதே வருடம், அதே நாள், அதே ஸ்டூல், பெட்டியில் உள்ளவை. இரண்டையும் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மருத்துவப் புத்தகங்களில் நோயாளியின் கண்ணைக் கறுப்புப் பட்டை போட்டு மறைக்கிறார்கள், நூலகத்தில் பார்த்தேன். வாலுவுக்கு அதைப் போடக் கூடாது. அப்பா அனுமதி கொடுத்தார் என்று எழுதிக்கொள், கேட்டால் நான் வந்து சொல்கிறேன். தாடை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். பல் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு இடைவெளி. அந்த முகத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. பத்திரிகைக்காரன் கூடாது, நீ கூடாது, நானும் கூடாது.

வாலுவின் அப்பா